பழைய டியூனைப் புதிய மென்பொருளுக்கு மாற்றுவதா, புதிதாகப் போடுவதா? சிங்கப்பூர்க் கார்களுக்கு ஓர் ஒப்பீடு

சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்த பழைய சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் ஒன்றை வாங்குகிறீர்கள். விற்றவர் காரோடு காப் ஆக்சஸ்போர்ட்டையும் கொடுக்கிறார், இன்ஜினை இயக்கும் கணினியான ஈசியூவில் அமைப்புகளை எழுதும் கருவி அது. உள்ளே யாரோ போட்டுக்கொடுத்த கஸ்டம் மேப், அதாவது அந்தக் காருக்கென்றே எழுதிய டியூன் கோப்பு, இருக்கிறது. நீங்கள் நம்பிப் போகும் காக்கி புக்கிட் பட்டறையில் ஈசியூடெக் என்ற வேறு டியூனிங் மென்பொருள் மட்டும்தான் உண்டு. அந்த மேப்பை அப்படியே ஈசியூடெக்குக்குள் போட முடியுமா?

முடியாது. ஆக்சஸ்போர்ட்டின் பிடிஎம் கோப்பை ஈசியூடெக் திறக்காது. ஹொண்டாவில் ஃப்ளாஷ்ப்ரோ கோப்பைக் கேடியூனர் திறக்காது, பிஎம்டபிள்யூவில் எம்எச்டிக்கும் பூட்மாட்3க்கும் இடையிலும் ஏற்றுமதிப் பொத்தான் என்று எதுவும் கிடையாது. கோப்பு போகாவிட்டாலும் அதற்குள் இருக்கும் எண்களை எடுத்துப் போகலாம். எல்லா எண்களையும் எடுத்துப் போகக் கூடாது என்பதுதான் இந்த வேலையில் பலர் தவறவிடும் இடம். உங்கள் காரை விவரிக்கும் எண்கள் வேறு, இன்ஜினிடம் வேலை கேட்கும் எண்கள் வேறு. முதல் வகையைக் கொண்டுபோகலாம். இரண்டாவது வகையைப் புது இடத்தில் மறுபடி கட்டி எழுப்ப வேண்டும்.

உங்கள் முன் நான்கு வழிகள் இருக்கின்றன: மென்பொருளை மாற்றாமல் அதே மென்பொருள் தெரிந்த வேறு டியூனரிடம் போவது, ஈசியூவின் நினைவகத்தில் இருக்கும் முழு உள்ளடக்கத்தையும் (ரோம்) எடுத்து வேறு கருவியால் எழுதுவது, டேபிள்களை (எண் அட்டவணைகளை) ஒவ்வொன்றாகக் கையால் மாற்றுவது, பழையதைக் குறிப்பாக மட்டும் வைத்துக்கொண்டு புதிதாக டியூன் போடுவது.

கோப்புக்குள் என்ன இருக்கிறது

ஈசியூவின் ஃப்ளாஷ் நினைவகத்தில் இருப்பது வெறும் பைட்டுகள். எந்த முகவரியில் இக்னிஷன் டைமிங் (தீப்பொறி நேரம்) டேபிள் தொடங்குகிறது, எத்தனை வரிசை, எத்தனை நிரல், அந்தப் பைட்டை எந்தச் சூத்திரத்தில் போட்டால் டிகிரி வரும் என்பதெல்லாம் வரையறைக் கோப்பில் இருக்கும். ரோம்ரைடரும் ஈசியூஃப்ளாஷும் இதை எக்ஸ்எம்எல் கோப்பாக வெளிப்படையாக வைத்திருக்கின்றன. காப்பும் ஈசியூடெக்கும் தங்கள் வரையறையை மென்பொருளுக்குள் மூடி வைத்திருக்கின்றன. ஒரே ரோமை இரண்டு மென்பொருள்களில் திறந்தால் பைட்டுகள் மாறாது. டேபிளின் பெயர், அலகு, காட்டும் எண் மூன்றும் மாறலாம்.

பெயர் மாறுவதற்கு எளிய உதாரணம் சுபாருவின் நாக் கற்றல் பெருக்கி. நாக் என்பது சிலிண்டரில் கலவை கட்டுமீறி வெடிப்பது, அதைக் கண்டால் ஈசியூ இந்தப் பெருக்கியைக் குறைக்கும். ரோம்ரைடர் அதை ஐஏஎம் என்கிறது, காப் டேம் என்கிறது. பழைய 16-பிட் ஈசியூக்களில் அதன் முழு மதிப்பு 16, 32-பிட் ஈசியூக்களில் 1. பழைய கார் லாகில் (ஓட்டத்தின்போது எடுக்கும் பதிவில்) 16 பார்த்துப் பழகியவர் புதிய காரில் 1 என்று கண்டதும் ஏதோ கோளாறு என்று எண்ணிக்கொள்வார். இரண்டும் "எல்லாம் சரி" என்றுதான் சொல்கின்றன.

இதைவிடப் பெரிய தடை, மென்பொருள் நிறுவனங்கள் ஈசியூவுக்குள் தாங்களே எழுதிச் சேர்க்கும் நிரல். ஈசியூடெக்கின் ரேஸ்ரோமில் மேப் மாற்றம், லாஞ்ச் கண்ட்ரோல் (நின்ற இடத்திலிருந்து வேகமாகக் கிளம்ப உதவுவது), ஸ்பீட் டென்சிட்டி (காற்றின் அளவை அழுத்தத்திலிருந்து கணக்கிடுவது) எல்லாம் ஓடுவது சுபாருவின் அசல் நிரலில் அல்ல, அவர்கள் சேர்த்த நிரலில். காப்பிடமும் அதுபோலத் தனி நிரல் உண்டு. மாஸ் ஏர்ஃப்ளோ சென்சரை எடுத்துவிட்டு ரேஸ்ரோமின் ஸ்பீட் டென்சிட்டியில் ஓடும் காரின் டியூனை, அந்த நிரல் இல்லாத இடத்துக்குக் கொண்டுபோக வழியே கிடையாது. எண்களைப் போட அங்கே டேபிளே இருக்காது.

வழி ஒன்று: மென்பொருள் அதே, டியூனர் மட்டும் வேறு

கார் நன்றாக ஓடுகிறது, நாக் இல்லை, சிறு திருத்தம்தான் வேண்டும் என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். உரிமம் ஏற்கெனவே இருக்கிறது, ஈசியூவில் புது நிரல் எதுவும் ஏறப்போவதில்லை. ஆக்சஸ்போர்ட் ஒரு நேரத்தில் ஒரு காரோடுதான் இணைந்திருக்கும் என்பதால் விற்றவர் அதைக் கழற்றாமல் கொடுத்தாரா என்று உறுதிசெய்யுங்கள்.

மேப் பூட்டப்பட்டிருப்பதுதான் இங்கே தலைவலி. பூட்டிய பிடிஎம் கோப்பை ஈசியூவில் ஏற்றலாம், லாக் எடுக்கலாம், ஆனால் அக்சஸ்டியூனரில் திறந்து பார்க்க முடியாது. ஈசியூடெக்கில் மூலக்கோப்பு டியூனரிடமே இருக்கும். ஐரோப்பியக் கார்களில் நிலைமை இன்னும் இறுக்கம். இங்கே பல பட்டறைகள் கோப்புச் சேவை முறையில் வேலை செய்கின்றன. பட்டறையின் கருவி ஸ்லேவ் வகை என்றால், அது படிக்கும் கோப்பு மாஸ்டர் கருவி வைத்திருப்பவர் மட்டுமே திறக்கும்படி மறையாக்கப்பட்டிருக்கும். உங்கள் காரில் ஏறியிருப்பது என்ன என்று பட்டறைக்காரருக்கே தெரியாமல் இருப்பதும் உண்டு.

பூட்டை உடைத்துத் தருகிறேன் என்று வருபவர்களிடம் போகாதீர்கள். அது இன்னொருவரின் உழைப்பு, தொழில்நுட்பப் பூட்டை உடைப்பது பற்றிச் சிங்கப்பூரின் பதிப்புரிமைச் சட்டம் 2021இல் விதிகளும் உண்டு. மூல டியூனரைத் தொடர்புகொண்டு பூட்டு நீக்கிய கோப்புக்கு என்ன விலை என்று நேரடியாகக் கேளுங்கள். சிலர் தருவார்கள். தரமாட்டேன் என்றால் நான்காம் வழிக்குப் போய்விடலாம், இரண்டும் மூன்றும் உங்களுக்கு இல்லை.

வழி இரண்டு: முழு ரோமையும் எடுத்து எழுதுவது

டாக்ட்ரிக்ஸ் ஓப்பன்போர்ட் 2.0 கேபிளும் ஈசியூஃப்ளாஷும் வைத்திருப்பவர்களுக்கு இது ஆசை காட்டும் வழி. பழைய சுபாருவிலிருந்து ரோமைப் படித்து, அதே வகையான இன்னொரு காரில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். வேலை செய்யவும் செய்யும், நிபந்தனைகள் எல்லாம் பொருந்தினால். அளவுத்திருத்த அடையாள எண், அதாவது கால் ஐடி, ஒரு எழுத்துகூட மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும். உள்ளே எந்த நிறுவனத்தின் தனி நிரலும் இருக்கக் கூடாது. கோப்பில் பிழை இல்லை என்று ஈசியூ சரிபார்க்கும் எண்ணான செக்சம்மை, எழுதும் கருவியே சரிசெய்ய வேண்டும்.

முதல் நிபந்தனையிலேயே சிங்கப்பூர்க் கார்கள் பல விழுந்துவிடும். ஏஜென்ட் வழி வந்த எஸ்டிஐயும் (டபிள்யூஆர்எக்ஸின் உயர்வகை) பேரலல் இம்போர்ட்டில் ஜப்பானிலிருந்து வந்த எஸ்டிஐயும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுதான். ஜப்பான் சந்தைக் காரில் இருப்பது 2.0 லிட்டர் இஜே207, ட்வின் ஸ்க்ரோல் டர்போ. 2006 முதல் பிற சந்தைகளுக்குப் போனது 2.5 லிட்டர் இஜே257. ஒன்றின் ரோமை மற்றதில் எழுதினால் கொள்ளளவு முதல் வால்வ் டைமிங் வரை எதுவும் பொருந்தாது. இணையத்தில் கிடைக்கும் டியூன்களில் பெரும்பாலானவை அமெரிக்க 2.5க்கானவை என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்னொன்று: ஆக்சஸ்போர்ட் இணைந்திருக்கும் ஈசியூவை மற்ற கருவிகள் படிக்க முடியாது. முதலில் ஆக்சஸ்போர்ட்டிலேயே 'அன்இன்ஸ்டால்' கொடுத்து, அது சேமித்து வைத்த அசல் ரோமைத் திரும்ப எழுத வேண்டும். ஹொண்டாவில் ஃப்ளாஷ்ப்ரோவுக்கும் கேடியூனருக்கும் இடையே மாறுவதும் இப்படித்தான். பழைய கருவியால் அசல் நிலைக்குத் திருப்பாமல் புதியதைச் செருகாதீர்கள். கருவியைத் தனியாக விற்றுவிட்டுக் காரை மட்டும் கைமாற்றியவர்களால் அடுத்த உரிமையாளருக்கு வரும் அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

வழி மூன்று: டேபிள்களைக் கையால் மாற்றுவது

டியூன் கோப்பு பூட்டின்றித் திறக்கிறது, கார் அதேதான், மென்பொருள் மட்டும் மாறுகிறது என்றால் இது நல்ல வழி. நிதானம் வேண்டும், கணக்குப் போடத் தெரிய வேண்டும்.

முதல் வேலை, அசல் ரோமை இரண்டு மென்பொருள்களிலும் திறப்பது. டியூன் செய்ததை அல்ல, அசலை. பைட்டுகள் ஒன்றே என்பதால், ஒரே டேபிள் இரண்டிலும் எப்படித் தெரிகிறது என்று பார்த்தால் அலகு வித்தியாசம் தானாக வெளிப்படும். எடுத்துக்காட்டாக, இன்ஜெக்டர் (பெட்ரோல் தெளிப்பான்) அளவு பழைய மென்பொருளில் 552 என்றும் புதியதில் 536 என்றும் தெரிந்தால், விகிதம் 0.971. டியூனில் இன்ஜெக்டர் 1000 என்று போடப்பட்டிருந்தால் புதியதில் 971 என்று எழுத வேண்டும். 1000 என்றே எழுதினால் இன்ஜெக்டர் பெரியது என்று ஈசியூ நம்பிக் குறைவாகப் பெட்ரோல் ஊற்றும். 3 சதவீதம் வறண்ட கலவை ஐட்லிங்கில் தெரியாது, ஆக்சிஜன் சென்சரைப் பார்த்து ஈசியூ செய்யும் திருத்தம் (ட்ரிம்) அதைச் சரிசெய்துவிடும். முழு பூஸ்ட்டில் (டர்போ அழுத்தத்தில்), அந்தத் திருத்தம் நடக்காத ஓப்பன் லூப்புக்குப் போகும்போதுதான் தெரியும். இந்த எண் ஏன் இப்படி மாறுகிறது என்றால், ஈசியூ சிசி கணக்கில் எதையும் வைத்திருப்பதில்லை. ரோம்ரைடரின் சுபாரு வரையறையில் 2707090ஐ உள்ளே இருக்கும் எண்ணால் வகுத்துத்தான் சிசி காட்டப்படுகிறது. வேறொருவர் வேறு மாறிலி எடுத்திருந்தால் வேறு சிசி வரும்.

பூஸ்ட் டேபிளில் இதே பொறி வேறு வடிவில் இருக்கிறது. ஒன்று கடல்மட்டத்துக்கு மேல் எத்தனை பிஎஸ்ஐ என்று காட்டும், இன்னொன்று முழு அழுத்தம் காட்டும். இடைவெளி 14.7 பிஎஸ்ஐ. அசல் ரோமை ஒப்பிட்டால் ஒரே நொடியில் தெரிந்துவிடும்.

அடுத்து, அச்சுகள். அதிகம் தவறு நடப்பது இங்கேதான். பழைய மென்பொருளில் டைமிங் டேபிளைத் தேர்ந்து நகலெடுத்து, புதியதில் ஒட்டுகிறார்கள். கட்டங்களின் எண்ணிக்கை பொருந்தினால் மென்பொருள் எதிர்ப்புக் காட்டாது. அச்சில் இருக்கும் லோட் (இன்ஜினின் சுமை) மதிப்புகள் பொருந்துகின்றனவா என்று அது பார்ப்பதில்லை. டியூனர் அச்சையே மாற்றியிருந்தால் எல்லா எண்களும் இடம் தவறி உட்கார்ந்துவிடும்.

ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்வோம். பழைய டியூனில் 4000 ஆர்பிஎம் வரிசையில், லோட் 2.00இல் 12 டிகிரி, 2.40இல் 8 டிகிரி. புதிய ரோமின் அச்சில் அந்த இடத்தில் இருப்பது 2.15. அப்படியே ஒட்டினால் 2.15இல் 12 டிகிரி வந்து உட்காரும். சரியான மதிப்பு: 2.00க்கும் 2.40க்கும் இடையில் 2.15 இருப்பது 0.375 பங்கு தூரத்தில். 4 டிகிரி இறக்கத்தில் அது 1.5 டிகிரி. ஆக 10.5. ஒட்டியவருக்கு 1.5 டிகிரி கூடுதல் முன்னேற்றம், அதுவும் நாக் வரும் உச்ச டார்க் பகுதியில். இன்னும் ஒரு படி: சுபாரு டைமிங்கை 0.3516 டிகிரி படிகளில், மைனஸ் 20இலிருந்து தொடங்கி எண்ணுகிறது. 10.5 என்று ஒரு படியே இல்லை. கீழே 10.23 இருக்கிறது, மேலே 10.59. கீழே இருப்பதை எடுங்கள். இப்படி ஒவ்வொரு கட்டத்தையும் விரிதாளில் சூத்திரம் போட்டுக் கணக்கிட வேண்டும். கண்ணால் பார்த்துத் தட்டச்சு செய்வது பிழைக்கு அழைப்பு.

வெளிப்படாத டேபிள்களையும் தேட வேண்டும். 2008க்குப் பிந்தைய பல சுபாரு ரோம்களில் அடிப்படை டைமிங்குக்கு ஒரே டேபிள் அல்ல, க்ரூஸ், நான்-க்ரூஸ் என்று பிரிந்திருக்கும். எரிபொருளுக்கும் முதன்மை டேபிளோடு, நாக் பெருக்கி விழுந்தால் பயன்படும் ஃபெயில்சேஃப் டேபிள் ஒன்று உண்டு. ஒரு மென்பொருள் இவற்றில் சிலதைக் காட்டாமல் இருக்கலாம். அசலுக்கும் டியூனுக்கும் ஒப்பீடு போட்டு மாறியவை எல்லாவற்றையும் பட்டியலிடுங்கள். அந்தப் பட்டியலில் இருக்கும் ஒரு டேபிள் புதிய மென்பொருளில் இல்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு நான்காம் வழியைப் பாருங்கள்.

இனி, எதைக் கொண்டுபோவது.

மாஸ் ஏர்ஃப்ளோ ஸ்கேலிங், இன்ஜெக்டர் அளவு, மின்னழுத்தத்துக்கு ஏற்ப இன்ஜெக்டர் திறக்கத் தாமதமாகும் நேரம், 4 பார் மேப் (உள்ளிழு குழல் அழுத்த) சென்சர் போட்டிருந்தால் அதன் பெருக்கி, ஆஃப்செட்: இவை உங்கள் காரில் திருகியிருக்கும் பாகங்களின் விவரம். அலகு மாற்றம் செய்த பிறகு ஒரு புள்ளிகூட மாற்றாமல் எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய டியூனர் பல மணிநேரம் உழைத்துக் கண்டுபிடித்தவை இவைதான், மறுபடி கண்டுபிடிக்க அதே நேரம் ஆகும். பழைய டியூனின் உண்மையான மதிப்பு இங்கேதான் இருக்கிறது என்பது எங்கள் உறுதியான கருத்து.

வேஸ்ட்கேட் (டர்போ அழுத்தத்தை அடக்கும் வால்வ்) ட்யூட்டி டேபிள்களைத் தொடக்கப்புள்ளியாக மட்டும் எடுங்கள், 5 முதல் 10 சதவீதம் குறைத்து. டைமிங்கும் பூஸ்ட் இலக்கும் இன்ஜினிடம் வேலை கேட்பவை. உயர் லோடில் டைமிங்கை 2 முதல் 3 டிகிரி இறக்கியும் பூஸ்ட்டை 2 பிஎஸ்ஐ இறக்கியும் தொடங்கி, லாகைப் பார்த்து ஏற்றுங்கள். வால்வ் டைமிங்கை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கொண்டுபோகாதீர்கள். கேம் கோணம் மாறினால் சிலிண்டருக்குள் போகும் காற்று மாறும், டைமிங் டேபிள் அந்தக் காற்றுக்காக எழுதப்பட்டது. இரண்டும் சேர்ந்தே போக வேண்டும்.

பூஸ்ட் வரம்பில் எரிபொருளை வெட்டும் டேபிளை எல்லாவற்றுக்கும் முன்னால் அமையுங்கள். பலர் இதைக் கடைசியில் பார்க்கிறார்கள். பழைய டியூனில் 25 பிஎஸ்ஐ என்று உயர்த்தியிருந்ததை அப்படியே எடுத்துவந்து, புதிய ட்யூட்டி டேபிளில் பிழை இருந்தால், டர்போ எகிறும்போது தடுக்க எதுவும் இருக்காது. முதல் நாளில் இலக்கைவிட 2 அல்லது 3 பிஎஸ்ஐ மேலே வைத்தால் போதும்.

வழி நான்கு: புதிதாகப் போடுவது

பூட்டிய கோப்பு, தனி நிரலில் ஓடும் டியூன், போட்டவர் யாரென்றே தெரியாத மேப், சந்தை மாறிய ரோம்: இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் இதுதான் வழி. பணம் வீணாகிறது என்று நினைக்க வேண்டாம். பூட்டிய டியூனும் பயன் தரும். அதை அழிக்கும் முன் லாக் எடுத்து வையுங்கள்: ஆர்பிஎம், லோட், காற்றோட்டம், சென்சர் வோல்ட், பூஸ்ட், இலக்கு பூஸ்ட், வேஸ்ட்கேட் ட்யூட்டி, டைமிங், நாக் திருத்தம் இரண்டு வகையும், கலவை விகிதம், கற்ற ட்ரிம், உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம், இன்ஜெக்டர் ட்யூட்டி. பூட்டிய மேப்பின் டேபிளைப் பார்க்க முடியாவிட்டாலும் அது இன்ஜினை எங்கே வைத்து ஓட்டுகிறது என்பது லாகில் தெரியும். சென்சர் வோல்ட்டையும் கிராம்/செகண்டையும் ஒன்றுக்கொன்று எதிரே வரைந்தால், பூட்டிய கோப்பைத் தொடாமலே ஏர்ஃப்ளோ ஸ்கேலிங் பெரும்பாலும் கையில் வந்துவிடும். புது டியூனருக்கு இதைவிட நல்ல பரிசு கிடையாது.

லாகைச் சாலையில் எடுப்பது இங்கே நடக்காத காரியம். மூன்றாம் கியரில் 6500 ஆர்பிஎம் வரை இழுத்தால் வேகம் விரைவுச்சாலையின் 90 கிலோமீட்டர் வரம்பைத் தாண்டி வெகுதூரம் போய்விடும். டைனோ (காரை உருளைகள்மேல் ஓட்டி அளக்கும் கருவி) செலவைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேருங்கள். மூன்றாம் வழிக்கும் இதே டைனோ வேண்டும் என்பதால், இரண்டுக்கும் விலை வித்தியாசம் பலர் நினைப்பதைவிடச் சிறியது. முன்னும் பின்னும் ஒரே டைனோவில் அளந்தால்தான் எண்ணுக்குப் பொருள் உண்டு.

இந்த ஊரின் பெட்ரோலும் வெயிலும்

அமெரிக்க டியூன்களில் 91, 93 என்று எழுதியிருக்கும். அது நாம் பயன்படுத்தும் ரான் ஆக்டேன் எண் அல்ல, ரானுக்கும் மான் என்ற மற்றோர் ஆக்டேன் எண்ணுக்கும் சராசரி. அவர்களின் 93 ஏறத்தாழ நமது ரான் 98, அவர்களின் 91 நமது 95க்குச் சற்று மேல். இ85 என்ற எத்தனால் எரிபொருள் இங்கே பம்பில் கிடைக்காது, ஃப்ளெக்ஸ் ஃபியூவல் டேபிள்களுக்காக மென்பொருள் மாற்றுவதில் பயனில்லை.

மலேசியா போய் வருபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சிங்கப்பூர்க் கார் முக்கால் தொட்டி பெட்ரோலோடுதான் எல்லையைத் தாண்ட முடியும், அது ரான் 98ஆக இருக்கும். சிப்பாங் பந்தயத் தடம் வரை போய்த் திரும்பினால் அங்கே நிரப்பியே ஆக வேண்டும். 2010 முதல் வெளிநாட்டுப் பதிவுக் கார்களுக்கு அங்கே ரான் 95 விற்கக் கூடாது, பெரும்பாலும் கிடைப்பது ரான் 97. 98க்கு விளிம்புவரை டியூன் செய்த கார் அதில் நாக் காட்டலாம். மேப் மாற்றும் வசதியுள்ள மென்பொருளுக்கு மாற இது நியாயமான காரணம். வசதி இல்லையென்றால் 97க்கு ஒரு மேப் தனியாக வாங்கி வையுங்கள்.

வெப்பம் பற்றியும் சொல்ல வேண்டும். குளிர்நாட்டிலிருந்து மின்னஞ்சலில் வரும் டியூனில் காற்று வெப்பத் திருத்த டேபிள் 50 டிகிரிக்கு மேல் கவனிக்கப்படாமலே இருக்கும். தீவு விரைவுச்சாலையில் மாலை நெரிசலில் நிற்கும் டபிள்யூஆர்எக்ஸின் மேல்புற இண்டர்கூலர் வெந்துபோகும். பல சுபாருகளில் காற்று வெப்ப சென்சர் ஏர்ஃப்ளோ சென்சரோடு சேர்ந்து இண்டர்கூலருக்கு முன்னால் இருப்பதால், இண்டர்கூலர் எவ்வளவு சூடு என்று ஈசியூவுக்குத் தெரியாது. அதனால்தான் டைமிங்கில் இரண்டு டிகிரி ஒதுக்கி வைக்கும் டியூனரை இங்கே நம்பலாம்.

கடைசியாக மலை. சிங்கப்பூரின் உச்சியே 163 மீட்டர்தான், வளிமண்டல அழுத்தத் திருத்த டேபிள்களை இங்கே யாரும் கண்டுகொள்வதில்லை, மாற்றும்போது விட்டும் விடுகிறார்கள். மலேசியாவின் கெந்திங் மலை ஏறக்குறைய 1,800 மீட்டர். அங்கே வெளி அழுத்தம் 0.82 பார் அளவுக்கு விழும். முழு அழுத்தம் 2.2 பார் என்று இலக்கு வைத்திருந்தால், கடல்மட்டத்தில் டர்போ 2.2 மடங்கு அழுத்தினால் போதும், கெந்திங் சாலையில் 2.7 மடங்கு அழுத்த வேண்டும். சிறு டர்போ அங்கே வேக வரம்பைத் தாண்டிச் சுழலும். அந்தத் திருத்த டேபிளையும் மாற்றும் பட்டியலில் சேருங்கள்.

மற்ற கார்களைப் பற்றிச் சுருக்கமாக

1.5 டர்போ சிவிக்கில் ஃப்ளாஷ்ப்ரோ, கேடியூனர் இரண்டும் நல்லவை. டேபிள்களைக் கையால் மாற்றுவதால் மிச்சமாகும் நேரம் குறைவு, ஏனெனில் டார்க் அடிப்படையில் ஓடும் அந்த ஈசியூவில் டேபிள்கள் ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றன, இரண்டு மென்பொருள்களும் காட்டும் டேபிள் தொகுப்பும் ஒன்றல்ல. புதிதாகப் போடுங்கள். சிவிடி (பெல்ட்டில் ஓடும் தானியங்கி கியர்) கார் என்றால் கையேடு கியர் காரின் டியூனைத் தொடவே வேண்டாம், பெல்ட்டைக் காக்கும் டார்க் வரம்புகள் வேறு. ஈசியூவின் 37805 என்று தொடங்கும் நிரல் எண்ணை முழுதாகக் குறித்து டியூனரிடம் கொடுங்கள்.

பிஎம்டபிள்யூவில் எம்எச்டி, பூட்மாட்3 இரண்டின் உரிமமும் காரின் அடையாள எண்ணோடு (விஐஎன்) கட்டப்பட்டது. கார் விற்றால் உரிமம் காரோடு போகும். பழைய கோப்பைக் காட்டி புதியதில் கஸ்டம் மேப் கேட்பதுதான் நடைமுறை. ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்களில் கோப்பு பட்டறையிடம் இருப்பதே வழக்கம் என்பதால் பேச்சே நான்காம் வழியில்தான் தொடங்கும்.

2022இல் காப் நிறுவனம் அமெரிக்க மாசுக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு ஏற்பத் தன் மென்பொருளை மாற்றியது. மாசுக் கட்டுப்பாட்டுக் கண்காணிப்பை அணைத்த பழைய மேப்களுக்கு அதன் பிறகு திருத்தம் தேவைப்பட்டது. பழைய ஆக்சஸ்போர்ட்டைக் கணினியில் செருகி ஃபர்ம்வேர் புதுப்பிக்கும் முன் அதிலிருக்கும் மேப்களைப் பிரதி எடுங்கள். கேட்டலிஸ்ட் கண்காணிப்பை அணைத்த மேப் எப்படியும் இங்கே வைத்திருக்கத் தக்கதல்ல. 3 ஆண்டு கடந்த கார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், 10 ஆண்டு கடந்த கார் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டும். இன்ஜினில் எந்த மாற்றம் என்றாலும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் வழிகாட்டியைப் படித்து, காப்புறுதி நிறுவனத்திடமும் சொல்லிவிட்டே செய்யுங்கள்.

எழுதும் நாள்

எந்த வழியானாலும் ஈசியூவில் எழுதும்போது பேட்டரி சார்ஜர் இணைந்திருக்கட்டும். விளக்கு, ஏர்கான், ரேடியோ எல்லாம் அணையட்டும். பழைய சுபாருவில் டெஸ்ட் இணைப்பிகளைச் செருகியதும் ரேடியேட்டர் விசிறியும் பெட்ரோல் பம்ப்பும் விட்டுவிட்டு ஓடத் தொடங்கும், பேட்டரியைக் குடிப்பது அதுதான். மடிக்கணினியின் உறக்கத்தையும் தானியங்கிப் புதுப்பிப்பையும் நிறுத்துங்கள். எழுதுவது பாதியில் நின்றால் சாவியைத் திருப்பாதீர்கள். டென்சோ தயாரித்த ஈசியூவில் எழுதும் நிரல் மின்சாரம் இருக்கும்வரை தற்காலிக நினைவகத்தில் உயிரோடு இருக்கும், மறுபடி எழுத முயலலாம். சாவியை அணைத்தால் அது போய்விடும், பிறகு ஈசியூவைக் கழற்றி மேசையில் வைத்துத்தான் மீட்க வேண்டும்.

எழுதி முடித்ததும் கற்ற மதிப்புகள் எல்லாம் தொடக்க நிலைக்குத் திரும்பியிருக்கும். டைனோவுக்குப் போகும் முன் இரண்டு நாள் சாதாரணமாக ஓட்டுங்கள், பூஸ்ட் ஏற்றாமல். கலவைத் திருத்தமும் கற்ற ட்ரிம்மும் சேர்ந்து ஐட்லிங்கிலும் சீரான வேகத்திலும் 5 சதவீதத்துக்குள் நின்றால் ஏர்ஃப்ளோவும் இன்ஜெக்டரும் சரியாக வந்து சேர்ந்திருக்கின்றன. ஐட்லிங்கில் மட்டும் 10 சதவீதம் தள்ளியிருந்தால் முதலில் இன்ஜெக்டர் தாமத நேரத்தைச் சந்தேகியுங்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவு தள்ளியிருந்தால் இன்ஜெக்டர் அளவின் அலகு மாற்றத்தில் தவறு. குறிப்பிட்ட காற்றோட்டத்தில் மட்டும் தள்ளினால் ஏர்ஃப்ளோ அச்சு. இது மூன்றும் சரியாகும்வரை டைமிங் டேபிளைத் திறக்கவே வேண்டாம்.

வேலை முடிந்து பட்டறையிலிருந்து கிளம்பும்போது மூன்று கோப்புகளைக் கேட்டு வாங்குங்கள்: அசல் ரோம், இறுதி டியூன், கடைசி டைனோ ஓட்டத்தின் லாக். இறுதி டியூனைப் பூட்டித்தான் தருவேன் என்றால், வேலையைத் தொடங்கும் முன்பே அதைத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். ஏர்ஃப்ளோ ஸ்கேலிங், இன்ஜெக்டர் அளவு, தாமத நேரம் ஆகிய மூன்று டேபிள்களையாவது திரைப்பிடிப்பு எடுத்துத் தரச் சொல்லுங்கள். அது உங்கள் காரின் பாகங்களைப் பற்றிய விவரம் மட்டுமே என்பதால், தயங்காமல் தருபவர்கள் உண்டு.